படம் காட்டியது போதும்

சென்ற வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பள்ளிப் பிள்ளைகளுக்கான வானியல் நிகழ்ச்சி ஒன்றுக்கு அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பேசியவர் நன்றாகத்தான் பேசினார். பெரிய திரை, கணீரென்ற குரல், ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணைப் பறிக்கும் படங்கள். நடுவில் 3சி 273 என்ற குவேசாரின் படம் வந்தது. நடுவே பளீரென்று ஒரு வெள்ளைப் புள்ளி, பக்கத்தில் மெலிதாக ஒரு கீற்று. "இது நம்மகிட்டேர்ந்து 200 கோடி ஒளியாண்டு தூரத்துல இருக்கு" என்றார். அரங்கம் "ஓ" என்றது. அக்கா மகள் கையைத் தூக்கினாள். "எப்படி சார் தெரியும்? பாக்கறதுக்கு ஸ்டார் மாதிரிதானே இருக்கு?"

"ரொம்ப நல்ல கேள்விம்மா. விஞ்ஞானிகள் பெரிய பெரிய கருவியெல்லாம் வச்சு கணக்குப் போட்டுச் சொல்லியிருக்காங்க" என்றார் அவர். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த படம் வந்துவிட்டது.

அந்தக் கைதட்டல்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "பெரியவங்க சொல்லியிருக்காங்க" என்பதில் பெரியவங்களை எடுத்துவிட்டு விஞ்ஞானிகளைப் போட்டால் அது அறிவியல் ஆகிவிடாது. அந்தப் பெண் கேட்டது அறிவியல் கேள்வி. அவளுக்குக் கிடைத்தது அருள்வாக்கு. இதில் அந்தப் பேச்சாளரை மட்டும் குறை சொல்வதில் பிரயோஜனம் இல்லை. தமிழில் வானியல் எழுதுகிற, பேசுகிற, வீடியோ போடுகிற நாம் எல்லோருமே சேர்ந்து ஒரு பழக்கத்தை உண்டாக்கி வைத்திருக்கிறோம். படம் காட்டுவது. தமிழில் இந்தச் சொல்லுக்கு இருக்கிற இரண்டு அர்த்தத்திலும்தான் சொல்கிறேன்.

ஒரு எளிய உண்மையிலிருந்து தொடங்குகிறேன். படத்தில் தூரம் கிடையாது. வானத்தின் எந்தப் புகைப்படமும் தட்டையானது. அதில் இருக்கும் ஒரு புள்ளி பக்கத்தில் இருக்கும் மங்கலான நட்சத்திரமா, பிரபஞ்சத்தின் மறுகோடியில் எரியும் ராட்சசனா என்று படம் சொல்லாது. ரேடியோ தொலைநோக்கியில் எடுத்த படமும் சொல்லாது. ரேடியோ காலக்ஸிகளும் குவேசார்களும் ரேடியோவில் ஒளிர்வதற்குக் காரணம், ஏறக்குறைய ஒளிவேகத்தில் பாயும் எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழல்வது. அப்படி வரும் கதிர்வீச்சு எல்லா அலைநீளங்களிலும் வழவழவென்று பரவிக் கிடக்கும். அதில் பிடித்துக்கொள்ள ஒரு முடிச்சு கிடையாது. முடிச்சு இருப்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியில். அந்த ஒளியைப் பிரித்து நிறமாலையாக விரித்தால் ஹைட்ரஜன், ஆக்சிஜன், மக்னீசியம் என்று ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று விதிக்கப்பட்ட இடத்தில் ஒரு கோட்டைப் போட்டுவிட்டுப் போயிருக்கும். அந்தக் கோடுகள் எவ்வளவு இடம் பெயர்ந்திருக்கின்றன என்பதிலிருந்துதான் தூரமே தெரிய வருகிறது. செம்பெயர்ச்சி என்பது இதுதான். "200 கோடி ஒளியாண்டு" என்ற வார்த்தை எந்தப் படத்திலிருந்தும் வரவில்லை. பார்க்க அழகில்லாத, மேடுபள்ளமான ஒரு வரைபடத்திலிருந்து வந்தது. அந்த வரைபடத்தை நாம் யாருக்கும் காட்டுவதில்லை.

இனி சரித்திரம். சிக்னஸ் ஏ என்பது வானத்திலேயே மிகப் பலமான ரேடியோ மூலங்களில் ஒன்று. 1951ல் கேம்பிரிட்ஜில் கிரஹாம் ஸ்மித் அதன் இடத்தைத் துல்லியமாக அளந்து கொடுத்தார். பலோமார் மலையில் இருந்த 5 மீட்டர் தொலைநோக்கியால் வால்டர் பாடே அந்த இடத்தைப் படம் எடுத்தார். மங்கலான ஒரு காலக்ஸி, நடுவில் இரண்டு பிரகாசமான பகுதிகள். பாடே படத்தைப் பார்த்ததுமே முடிவு கட்டிவிட்டார்: இரண்டு காலக்ஸிகள் மோதிக்கொள்கின்றன. சக ஊழியர் ருடால்ஃப் மின்கோவ்ஸ்கி நம்பவில்லை. ஒரு புட்டி விஸ்கி பந்தயம். நிறமாலையில் உமிழ்கோடுகள் வந்தால் பாடே ஜெயித்தார் என்று பேச்சு. மின்கோவ்ஸ்கியே நிறமாலையை எடுத்தார், கோடுகள் வந்தன, விஸ்கி கைமாறியது. 1954ல் கட்டுரையும் வந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மோதல் கதை தப்பு. இன்று நமக்குத் தெரியும்: சிக்னஸ் ஏயின் சக்திக்குக் காரணம் மோதல் அல்ல, அதன் மையத்தில் இருக்கும் ராட்சதக் கருந்துளை. ஆனால் அதே நிறமாலையிலிருந்து கிடைத்த செம்பெயர்ச்சி எண், 0.056, இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. வானத்தில் இரண்டாவது பெரிய ரேடியோ சத்தம் ஏறத்தாழ 75 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து வருகிறது என்பது அன்றைக்கு எப்பேர்ப்பட்ட அதிர்ச்சி என்று யோசித்துப் பாருங்கள். இவ்வளவு தூரத்தில் இருப்பதே இவ்வளவு சத்தமாகக் கேட்டால், மங்கலாகக் கேட்பவை எவ்வளவு தூரத்தில் இருக்கும்? ரேடியோ மூலங்களைப் பிடித்துக்கொண்டு பிரபஞ்சத்தின் விளிம்புக்குப் போகலாம் என்ற நம்பிக்கை அந்த எண்ணிலிருந்து பிறந்தது. 1960ல், ஓய்வு பெறும் தறுவாயில், மின்கோவ்ஸ்கி 3சி 295 என்ற ரேடியோ காலக்ஸிக்கு 0.46 என்ற செம்பெயர்ச்சியை அளந்துவிட்டுப் போனார். அவர் முக்கியமாக நம்பியது ஆக்சிஜனின் ஒரே ஒரு கோட்டை.

அடுத்ததுதான் அக்கா மகள் கேட்ட 3சி 273. இந்தக் கதையையும் நாம் சினிமா மாதிரியே சொல்லிப் பழகிவிட்டோம். மார்ட்டன் ஷ்மிட் என்ற மேதை 1963 பிப்ரவரி 5 அன்று மேஜையில் உட்கார்ந்திருந்தார், மூளையில் பொறி தட்டியது, குவேசார் பிறந்தது. பொறி தட்டியது உண்மைதான். ஆனால் அந்த மேஜைக்கு அந்தக் கண்ணாடித் தட்டு எப்படி வந்தது?

1962 ஆகஸ்ட் 5. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி. நிலவு 3சி 273ஐ மறைக்கப்போகிற நேரம். நிலவின் விளிம்பு எந்த நொடியில் எங்கே இருக்கும் என்பது துல்லியமாகத் தெரியும். ஆகவே ரேடியோ சத்தம் எந்த நொடியில் நிற்கிறது, எந்த நொடியில் திரும்ப வருகிறது என்று அளந்தால் மூலம் இருக்கும் இடம் கைக்கு வந்துவிடும். சிரில் ஹசார்ட், மெக்கே, ஷிம்மின்ஸ் மூவரும் அந்த அளவைச் செய்தார்கள். அந்த இடத்தில் இருந்தது 13ஆம் பரிமாண நட்சத்திரம் போன்ற ஒரு புள்ளி. ஓரளவு நல்ல அமெச்சூர் தொலைநோக்கியிலேயே தெரிகிற பொருள். அதற்கும் முன்பு, 1960லேயே, 3சி 48 என்ற இன்னொரு "நட்சத்திரம்" சிக்கியிருந்தது. அதன் நிறமாலையில் இருந்த கோடுகள் எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. ஜெஸ்ஸி கிரீன்ஸ்டீன், சாதாரண ஆள் இல்லை, அதை நம் காலக்ஸிக்குள் இருக்கும் விசித்திர நட்சத்திரம் என்று நிறுவி ஒரு நீண்ட கட்டுரையே எழுதி வைத்திருந்தார். ஷ்மிட் 3சி 273ன் கோடுகளைப் பார்த்துக் கணக்குப் போட்ட பிறகு, 3சி 48க்கு அதே வழியில் போனால் 0.367 என்ற செம்பெயர்ச்சி கிடைத்தது. கிரீன்ஸ்டீன் அந்தக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அந்தக் கணக்கை நீங்களும் போடலாம். கைப்பேசியை எடுங்கள். சோதனைச்சாலையில் ஹைட்ரஜன் வாயு காட்டும் மூன்று கோடுகளின் அலைநீளம் ஆங்ஸ்ட்ராம் அலகில் 4861, 4340, 4102. 3சி 273ன் நிறமாலையில் ஷ்மிட் பார்த்த மூன்று கோடுகள் 5632, 5032, 4753. வரிசையாக வகுத்துப் பாருங்கள். 5632ஐ 4861ஆல் வகுத்தால் 1.159. 5032ஐ 4340ஆல் வகுத்தால் 1.159. 4753ஐ 4102ஆல் வகுத்தால் 1.159. மூன்றும் ஒன்றே. எல்லாக் கோடுகளும் ஏறக்குறைய 16 சதவீதம் நீண்டிருக்கின்றன. கட்டுரையில் அச்சான எண் 0.158. பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கும் வேகம் தெரிந்தால், அந்த ஒளி கிளம்பி ஏறக்குறைய 200 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்பது வந்துவிடும். அவ்வளவு தூரத்தில் இருந்தும் நம் கொல்லைப்புறத் தொலைநோக்கியில் தெரிகிறதென்றால் அது ஒரு முழு காலக்ஸியைவிடப் பல மடங்கு பிரகாசம் என்பதும் கூடவே வந்துவிடும்.

மூன்று வகுத்தல். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியாது என்று எந்த மடையன் சொன்னான்?

"பொதுமக்களுக்கு கிராஃப் எல்லாம் புரியாது சார், படம்தான் சார் போய்ச் சேரும்." இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நம் ஊரில் பன்னிரண்டு கட்டம் போட்ட ஜாதகத்தைத் தலைகீழாக வாசிக்கிற ஜனங்கள் இருக்கிறார்கள். எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்தை எந்தக் கிரகம் பார்க்கிறது என்று டீக்கடையில் விவாதம் நடக்கிறது. பங்குச் சந்தை வரைபடத்தில் ஆயிரம் ரூபாயை இழந்தவன் அதற்கடுத்த நாள் மெழுகுவர்த்தி வடிவங்களைப் பற்றி வகுப்பு எடுக்கிறான். கிரிக்கெட்டில் ரன் ரேட் கோடு எங்கே ஏறுகிறது, எங்கே படுக்கிறது என்பது பாட்டிக்கும் தெரியும். ஈசிஜி தாளைக் கையில் வாங்கியதும் "இங்க ஏதோ குறையுதே டாக்டர்" என்று கேட்காத ஆள் உண்டா? நமக்கு வரைபடம் புரியும். தனக்கு அதில் ஏதோ பணயம் இருக்கிறது என்று தெரிந்தால் எல்லோருக்கும் புரியும். பணயம் என்ன என்று நாம்தான் சொல்லிக்கொடுக்கவில்லை.

இரண்டாவது வாதம்: அழகுதான் முதலில் இழுக்கும். ஒத்துக்கொள்கிறேன். என்னையும் இழுத்தது ஹப்பிள் படம்தான். இன்ஜினியரிங் படிக்கும்போது ஹாஸ்டல் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். ஆனால் அந்த ஒட்டுப்படத்தின் நிறங்கள் எப்படி வந்தன என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ரேடியோ படம் என்றால் விஷயம் இன்னும் மோசம். ரேடியோவுக்கு நிறமே கிடையாது. சிக்னஸ் ஏயின் இரண்டு பிரம்மாண்டமான ரேடியோ மடல்களும் நீங்கள் பார்க்கும் படத்தில் ஆரஞ்சாக இருக்கின்றன என்றால் யாரோ ஒருவர் கணினியில் ஆரஞ்சைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அது மோசடி இல்லை, அவசியமான வேலை. அதைச் சொல்லாமல் விடுவதுதான் தப்பு. அதோடு, படம் இழுத்த பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. இழுத்து வந்து வாசலிலேயே நிற்க வைக்கிறோம். பத்து வருடம் கழித்தும் அதே வாசல், புதுப் படம். "வாவ்". அடுத்தது.

மூன்றாவது வாதம் என் தொழிலிலிருந்தே வருகிறது, அதனால் இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் அதிகம். அலுவலக நண்பன் ஒருவன் சொன்னான்: "இனிமே ஸ்பெக்ட்ரம் எல்லாம் எதுக்கு மச்சான்? கோடிக்கணக்குல இமேஜ் வருது. ஒரு மாடலை ட்ரெய்ன் பண்ணி விட்டா தூரத்தை அதுவே சொல்லிடும்." படங்களிலிருந்து, அதாவது சில நிற வடிகட்டிகள் வழியாக எடுத்த பிரகாச அளவுகளிலிருந்து, செம்பெயர்ச்சியை ஊகிக்கும் முறை இருக்கிறது. பயனுள்ள முறை, நான் அதை இகழவில்லை. ஆனால் அந்த மாடலுக்குச் சரியான விடை எங்கிருந்து கிடைக்கிறது? நிறமாலை எடுத்து அளந்த காலக்ஸிகளிடமிருந்து. விடைத்தாளை எழுதியதே நிறமாலைதான். ஸ்லோன் வான ஆய்வு ஏழரை லட்சம் குவேசார்களைப் பட்டியலிட்டிருக்கிறதே, அதற்காக மனிதர்கள் துளையிட்ட அலுமினியத் தட்டுகளில் ஒவ்வொரு துளையிலும் கையால் கண்ணாடி இழையைச் செருகியிருக்கிறார்கள். இரவுக்கு இரவு, வருடக்கணக்கில். அந்த உழைப்பின் மேல் உட்கார்ந்துகொண்டு "இனிமே அது எதுக்கு" என்று கேட்பது, லாக் எழுதும் நிரலை நிறுத்திவிட்டு டேஷ்போர்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது மாதிரி. டேஷ்போர்டு பச்சையாக இருந்த எத்தனை இரவுகளில் சர்வர் செத்துக் கிடந்தது என்று நம் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

அதுவும் போக, மாடல் எங்கே வழுக்கும்? இதுவரை பார்த்தே இராத பொருள் வரும்போது. தொலைதூர ரேடியோ காலக்ஸிகள் அப்படிப்பட்டவை. 1999ல் வெளியான டிஎன் ஜே0924-2201 என்ற காலக்ஸியை எடுத்துக்கொள்ளுங்கள். ரேடியோவில் குறைந்த அதிர்வெண்ணில் பலமாகவும் அதிர்வெண் கூடக்கூடச் சட்டென்று சரிந்தும் போகிற மூலங்கள் தூரத்தில் இருக்க வாய்ப்பு அதிகம் என்ற அனுபவ விதியை வைத்துப் பொறுக்கினார்கள். ஹவாயில் கெக் தொலைநோக்கியால் நிறமாலை எடுத்தார்கள். 7530 ஆங்ஸ்ட்ராம் பக்கம் ஒரு கோடு. ஹைட்ரஜனின் லைமன் ஆல்ஃபா, இயல்பான இடம் 1216. ஆறு மடங்குக்கு மேல் இழுபட்டு வந்திருக்கிறது, செம்பெயர்ச்சி 5.19. ஒற்றைக் கோட்டை நம்பலாமா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பிறகு ஆஸ்திரேலிய ரேடியோ தொலைநோக்கியில் அதே செம்பெயர்ச்சியில் கார்பன் மோனாக்சைடின் கோடுகள் கிடைத்தன. கேள்வி கேட்க இடம் இருந்தது, பதில் வர வழியும் இருந்தது. நான் கேட்பது இந்த இடத்தைத்தான்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நிறமாலையும் தப்பாக வாசிக்கப்படலாம். மேலே சொன்ன கதைகளிலேயே இருக்கிறது. உமிழ்கோடுகளைப் பார்த்து மோதல் என்றார்கள், தப்பு. 3சி 48ஐ நட்சத்திரம் என்றார்கள், தப்பு. ஆனால் இரண்டு தப்பும் எப்படித் திருத்தப்பட்டன? 3சி 48ன் எண்கள் எண்களாகவே இருந்தன. கிரீன்ஸ்டீனின் விளக்கம் விழுந்தபோது அவருடைய அளவுகள் விழவில்லை, அடுத்த விளக்கத்துக்கு அவையே ஆதாரம் ஆயின. தங்கத்தை உரைகல்லில் உரசிப் பார்க்கிற ஆசாரி தப்பு செய்யலாம். உரசல் கோடு கல்லில் இருக்கிறது, அடுத்த ஆசாரி பார்த்துக்கொள்வார். "விஞ்ஞானிகள் சொல்லியிருக்காங்க" என்ற வாக்கியத்தில் உரசிப் பார்க்க எதுவும் இல்லை.

அதேபோல, ஒரே ஒரு நிறமாலையிலிருந்து எவ்வளவு வாங்கலாம் என்பதும் நமக்குத் தெரிவதில்லை. 1965ல் ஷ்மிட் 3சி 9 என்ற குவேசாருக்கு 2.01 என்ற செம்பெயர்ச்சியை அளந்தார். அதே வருடம் ஜேம்ஸ் கன், புரூஸ் பீட்டர்சன் இருவரும் அந்த நிறமாலையில் இல்லாத ஒன்றைப் பார்த்தார்கள். காலக்ஸிகளுக்கு இடையே சாதாரண ஹைட்ரஜன் வாயு நிரம்பி இருந்தால் லைமன் ஆல்ஃபா கோட்டுக்கு நீலப்பக்கம் ஒளி துடைத்துப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அப்படியானால் நடுவெளியில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் அனேகமாக எல்லாமே எலெக்ட்ரானை இழந்து கிடக்கின்றன. கோடிக்கணக்கான ஒளியாண்டு வெற்றிடத்தின் நிலையைப் பற்றி ஒரு குவேசாரின் ஒளியில் எழுதியிருக்கிறது. எந்தப் படத்தில் இதைக் காட்டுவீர்கள்?

நமக்கு இது அயல்நாட்டு விஷயமும் இல்லை. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரு ரேடியோ தொலைநோக்கி 1970லிருந்து நிற்கிறது. கோவிந்த் ஸ்வரூப் கட்டியது. மலைச்சரிவு ஏறக்குறைய 11 டிகிரி, அந்த இடத்தின் அட்சரேகையும் அதுதான். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. அதைக் கட்டியதன் முக்கிய நோக்கமே, பார்க்ஸில் செய்த அதே நிலவு மறைப்பு வேலையை நூற்றுக்கணக்கான மங்கலான மூலங்களுக்குச் செய்வது. செய்தார்கள். அந்த மூலங்களில் பெரும்பாலானவற்றுக்கு நிறமாலை கிடையாது, தூரம் தெரியாது. ஆகவே ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் 1975ல் வேறு வழியில் போனார்கள். மங்கலாகக் கேட்பவை சராசரியாகத் தூரத்தில் இருப்பவை என்று வைத்துக்கொண்டு, பிரகாசத்தோடு கோண அளவு எப்படி மாறுகிறது என்று பார்த்து, பிரபஞ்சம் காலப்போக்கில் மாறிவந்திருக்கிறது என்பதற்கு ஆதாரம் காட்டினார்கள். கோடு கிடைக்காத இடத்தில் கோட்டின் அருமை தெரிந்து செய்த வேலை அது. பிறகு புனே அருகே வந்த ஜிஎம்ஆர்டி தொலைநோக்கி 150 மெகாஹெர்ட்ஸில் வானத்தின் 90 சதவீதத்தைத் துழாவியது. 2017ல் வந்த அதன் பட்டியலில் 6.2 லட்சம் ரேடியோ மூலங்கள். கேட்பதில் நாம் கெட்டிக்காரர்கள். ஆனால் அவற்றில் மிக மங்கலானவற்றுக்கு நிறமாலை எடுக்க 8, 10 மீட்டர் ஒளியியல் தொலைநோக்கி வேண்டும். காவலூரில் நம்மிடம் இருப்பது 2.3 மீட்டர், தேவஸ்தலில் 3.6 மீட்டர். மீதிக்கு அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. பெரிய தொலைநோக்கி ஏன் வேண்டும் என்று வரி கட்டுகிறவன் கேட்டால், "அழகான படம் வரும்" என்று சொல்லிப் பழகிய நாம் என்ன பதில் சொல்வோம்? படம்தான் ஏற்கெனவே இணையத்தில் சும்மா கிடைக்கிறதே.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு காலக்ஸியின் படத்தைப் போடுகிற இடத்தில் அதன் நிறமாலையையும் போடுங்கள். ஒரு கோட்டையாவது விரல் வைத்துக் காட்டுங்கள். பெயர்ந்து வந்த அலைநீளம் இது, இயல்பான அலைநீளம் இது, வகுத்துக்கொள் என்று இரண்டு எண்களைக் கொடுங்கள். மேடையில் ஒன்றரை நிமிடம் ஆகும்.

அன்றைக்கு நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்து, கேன்டீனில் உட்கார்ந்து, நிகழ்ச்சி நிரல் அச்சடித்த தாளின் பின்பக்கம் அந்த ஆறு எண்களை எழுதி அக்கா மகளிடம் கொடுத்தேன். என் கைப்பேசியில் வகுத்தாள். மூன்றாவது விடை வந்ததும் ஒரு நிமிடம் பேசவில்லை. ஹைட்ரஜனுக்கு இன்னொரு கோடும் உண்டு, 6563, அதுதான் எல்லாவற்றிலும் பலமானது என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, "அப்ப அது எங்க மாமா வரணும்?" என்றாள். நீயே பெருக்கிப் பார் என்றேன். 7600 வந்தது. "அங்க இருந்துச்சா?"

இருந்தது. ஷ்மிட்டின் தட்டுக்கு எட்டாத அகச்சிவப்புப் பக்கம், பெவர்லி ஓக் என்பவர் வேறு கருவியால் அளந்தபோது, 7600க்குப் பக்கத்திலேயே இருந்தது. அதைச் சொன்னேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.